மருந்துச் சீட்டில் எழுதப்படும் உணவு

தில்லி எய்ம்ஸ் மருத்துவமனைக்கு எதிரே உள்ள யூசுப் சராயில் மருந்துக் கடைகள் வரிசையாக அமைந்துள்ளன. சினைப்பை நீர்க்கட்டிக்காக மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டை அக்கடைகளில் ஒன்றில் ஓர் இளம்பெண் நீட்டுகிறார் எனக் கொள்வோம். கடைக்காரர் எடுத்துத் தரும் மாத்திரை அட்டை, பிற மருந்துகளின் அட்டையைப் போலவே இருக்கும். காலை ஒன்று, இரவு ஒன்று என்று உறையின் மீது குறித்தும் தருவார். ஆனால், அதே அட்டையைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வாசகம் அச்சிடப்பட்டிருக்கும். "மருத்துவப் பயன்பாட்டிற்கு அன்று" என்பது அதன் பொருள்.

மருத்துவரால் எழுதப்பட்டு, மருந்துக் கடையில் விற்கப்பட்டு, நோய்க்காக உட்கொள்ளப்படும் ஒரு பொருள் மருத்துவப் பயன்பாட்டிற்கு உரியதன்று என்று அதன் அட்டையே சொல்கிறது. இது அச்சுப் பிழை அன்று. சட்டம் அவ்வாறுதான் அச்சிடச் சொல்கிறது. அந்தப் பொருளின் பெயர் இனோசிட்டால். சினைப்பை நீர்க்கட்டிக் குறைபாட்டிற்காக இந்திய நகரங்களில் இன்று மிகப் பரவலாக எழுதப்படும் ஊட்டச்சத்து துணைப்பொருள் இதுவே. இது நல்லதா, கெட்டதா என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். இதற்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கே இந்நாட்டில் தெளிவான விடை இல்லை என்பதுதான் கவலைக்குரியது.

பி.சி.ஓ.எஸ். என்று சுருக்கமாகக் குறிக்கப்படும் இக்குறைபாடு புதிதன்று. 1935-ஆம் ஆண்டிலேயே சிகாகோ நகர மருத்துவர்களான ஸ்டெயினும் லெவந்தாலும் ஏழு பெண்களிடம் கண்ட அறிகுறிகளைத் தொகுத்து இதனை விவரித்தனர். மாதவிலக்கு தள்ளிப்போதல் அல்லது நின்றுபோதல், முகத்தில் முடி வளர்தல், தீராத முகப்பரு, கருத்தரிப்பதில் தடை ஆகியவை இதன் முக்கிய அடையாளங்கள். உலக அளவில் கருவுறும் வயதிலுள்ள பெண்களில் 10 முதல் 13 சதவீதம் பேருக்கு இது இருக்கலாம் என்றும், அவர்களில் 70 சதவீதம் பேர் வரை அதனை அறியாமலே இருக்கின்றனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது.

இந்தியாவின் நிலை இதனினும் கவலை தருவது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் முயற்சியில் நாட்டின் பல பகுதிகளில் 18 முதல் 40 வயது வரையுள்ள 9,824 பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2024-இல் வெளியாயின. கண்டிப்பான பழைய வரையறையின்படி 7.2 சதவீதம் பேருக்கும், 2003-இல் ராட்டர்டாம் நகரில் வகுக்கப்பட்ட விரிவான வரையறையின்படி 19.6 சதவீதம் பேருக்கும் இக்குறைபாடு இருப்பது தெரியவந்தது. அதாவது ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். இதைவிடக் கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி ஒன்று அந்த ஆய்வில் உண்டு. இக்குறைபாடு உடைய பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ரத்தக் கொழுப்பின் அளவு சீர்கெட்டிருந்தது. மூவரில் ஒருவருக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்திருந்தது. பிரச்சினை சினைப்பையோடு நின்றுவிடவில்லை.

உண்மையில் "நீர்க்கட்டி" என்ற பெயரே தவறான எண்ணத்தைத் தருகிறது. ஸ்கேன் படத்தில் கட்டிகளைப் போலத் தெரிபவை முதிர்ச்சி அடையாமல் நின்றுபோன சினைமுட்டைப் பைகளே. பெயரை மாற்ற வேண்டும் என்று அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகம் கூட்டிய நிபுணர் குழு 2012-இலேயே பரிந்துரைத்தது. ஆனால், இந்தியக் குடும்பங்களில் அந்தப் பெயர் செய்யும் வேலை வேறு. "கட்டி" என்ற சொல்லைக் கேட்டதும் தாய் கலங்குகிறார்; "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று அத்தை ஆறுதல் சொல்கிறார்; கட்டியைக் கரைக்க என்ன உண்டு என்று எல்லோரும் தேடத் தொடங்குகின்றனர். கரைக்க வேண்டிய கட்டி எதுவும் அங்கே இல்லை என்பதை எடுத்துச் சொல்ல மருத்துவருக்கு நேரம் இருப்பதில்லை.

இந்தப் பெண்களில் பலருக்கு உடலின் திசுக்கள் இன்சுலினுக்குச் சரிவரப் பணிவதில்லை. அதை ஈடுகட்டக் கணையம் மிகுதியாக இன்சுலினைச் சுரக்கிறது. மிகுந்த இன்சுலின், சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோன்களைக் கூடுதலாகச் சுரக்கச் செய்கிறது. முட்டை முதிர்வது தடைபடுகிறது. இனோசிட்டால் நுழைவது இந்த இடத்தில்தான். 1850-இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஷேரர் தசையிலிருந்து முதலில் பிரித்தெடுத்த இப்பொருள், இனிப்புச் சுவை கொண்ட, சர்க்கரையை ஒத்த ஒரு கூட்டுப்பொருள். பயறுகளிலும் தவிடு நீக்காத தானியங்களிலும் ஆரஞ்சு போன்ற பழங்களிலும் உள்ளது. குளுக்கோஸிலிருந்து உடலே இதனைத் தயாரித்துக்கொள்கிறது. ஒரு காலத்தில் பி வைட்டமின்களுள் ஒன்றாக எண்ணப்பட்டு, பின்னர் அப்பட்டியலிலிருந்து நீங்கியதற்குக் காரணமும் அதுவே. செல்லுக்கு வெளியே இன்சுலின் தட்டும் கதவின் ஓசையை உள்ளே கொண்டுசெல்லும் தூதுப் பொருள்களில் இதற்குப் பங்கு உண்டு. ஆகவே, இதனைக் கூடுதலாகக் கொடுத்தால் இன்சுலினின் வேலை எளிதாகும் என்பது எதிர்பார்ப்பு.

எதிர்பார்ப்பு நியாயமானதே. 1999-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் நெஸ்லர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு மருத்துவ உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. டி-கைரோ-இனோசிட்டால் என்ற வகையை உட்கொண்ட 22 பெண்களில் 19 பேருக்குச் சினைமுட்டை வெளிப்பட்டது. வெற்று மாத்திரை பெற்ற 22 பேரில் ஆறு பேருக்கே அவ்வாறு நிகழ்ந்தது. இவ்வளவு தெளிவான வேறுபாடு கிடைத்த பின்னரும், கால் நூற்றாண்டு கடந்து, அந்தப் பொருள் இக்குறைபாட்டுக்குரிய மருந்தாக உலகின் முன்னணி வழிகாட்டிகளில் இடம்பெறவில்லை. 44 பேரிடம் கண்டது ஆயிரக்கணக்கானோரிடம் அப்படியே நிகழ்வதில்லை என்பது மருத்துவ ஆய்வில் பலமுறை கண்ட உண்மை.

அதன்பின் கவனம் மயோ-இனோசிட்டால் என்ற மற்றொரு வகையின் மீது திரும்பியது. இத்தாலியிலிருந்து ஆய்வுகள் அடுத்தடுத்து வெளிவந்தன. ரத்தத்தில் இவ்விரு வகைகளும் இயல்பாக இருக்கும் விகிதம் என்று சொல்லி, மயோ 40 பங்கும் டி-கைரோ ஒரு பங்கும் கலந்த மாத்திரைகளும் பொடிகளும் சந்தைக்கு வந்தன. இன்று இந்தியக் கடைகளில் கிடைக்கும் பல தயாரிப்புகள் இந்த விகிதத்தையே பெருமையோடு அட்டையில் அச்சிடுகின்றன. இந்த ஆய்வுகளில் பல சிறியவை. சிலவற்றின் ஆசிரியர்கள் தயாரிப்பு நிறுவனங்களோடு தொடர்புடையவர்கள் என்பதை அக்கட்டுரைகளே அறிவிக்கின்றன. அதனால் அவை பொய் என்றாகிவிடாது. ஆனால், சற்று நிதானித்துப் படிக்க வேண்டியவை.

நிதானித்துப் படித்தவர்கள் சொன்னது என்ன? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, கருத்தரிப்பதில் தடையுள்ள 1,472 பெண்களை உள்ளடக்கிய 13 ஆய்வுகளை 2018-இல் அலசியது. இனோசிட்டாலால் குழந்தைப் பேறு கூடுகிறதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, கிடைத்துள்ள சான்றுகள் மிகவும் தரம் குறைந்தவை என்பதே அதன் முடிவு. 2023-இல் பல நாட்டு நிபுணர்கள் கூடி வெளியிட்ட சர்வதேச வழிகாட்டி இன்னும் நுணுக்கமாகப் பேசுகிறது. பெண்ணின் சொந்த விருப்பத்தையும் மதிப்பீட்டையும் கருத்தில் கொண்டு இனோசிட்டாலைப் பரிசீலிக்கலாம், தீங்கு குறைவு, உடலின் வளர்சிதை மாற்ற அளவுகளில் முன்னேற்றம் ஏற்பட வாய்ப்புண்டு, ஆனால் சினைமுட்டை வெளிப்படுவதிலோ, மிகை முடி வளர்ச்சியிலோ, எடையிலோ பலன் குறைவே என்று அது கூறுகிறது. எந்த வகை, எந்த அளவு, எந்தக் கலவை என்பதைப் பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று இல்லை என்பதையும் வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறது. மிகை முடி வளர்ச்சிக்கும் வயிற்றுப் பகுதிக் கொழுப்புக்கும் மெட்ஃபார்மினுக்கே முன்னுரிமை தர வேண்டும் என்கிறது. 40-க்கு ஒன்று என்று அட்டையில் பெருமையோடு அச்சிடப்படும் விகிதத்திற்கு அந்த வழிகாட்டியின் ஆதரவு இல்லை என்பதே இதன் பொருள்.

ஆக, இனோசிட்டால் மாயமருந்தும் அன்று, மோசடியும் அன்று. சிலருக்கு ஓரளவு உதவக்கூடிய, பெரும்பாலும் தீங்கற்ற ஒரு பொருள். இதை இந்த அளவிலேயே வைத்துப் பேசியிருந்தால் சிக்கலே இல்லை.

மருத்துவர்கள் இதனை ஏன் இவ்வளவு விரும்பி எழுதுகின்றனர் என்பதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். மெட்ஃபார்மின் உட்கொள்ளும் பெண்களில் பலருக்குக் குமட்டலும் வயிற்றுப்போக்கும் வருகின்றன. சிலர் இரண்டே வாரங்களில் நிறுத்திவிடுகின்றனர். மாதவிலக்கைச் சீராக்கும் ஹார்மோன் மாத்திரையோ, கருத்தடை மாத்திரை என்ற பெயரோடு வருகிறது. மணமாகாத 19 வயது மகளுக்குக் கருத்தடை மாத்திரையா என்று கேட்டுக் கொதித்தெழும் பெற்றோரிடம் விளக்கம் சொல்லி ஓய்ந்துபோன மருத்துவர்கள் ஏராளம். "பக்க விளைவு இல்லாத ஏதாவது கொடுங்கள் டாக்டர்" என்பது பெரும்பாலான ஆலோசனை அறைகளில் ஒலிக்கும் வேண்டுகோள். அந்த வேண்டுகோளுக்குக் கச்சிதமாகப் பொருந்திய விடையாக இனோசிட்டால் வந்து அமைந்தது. மருத்துவருக்கும் நிம்மதி, பெண்ணுக்கும் நிம்மதி, நிறுவனத்திற்கும் நிம்மதி. பெண்ணின் நிம்மதிதான் எவ்வளவு காலம் நீடிக்கும் என்று தெரியவில்லை.

ஏனெனில், சிக்கல் அளவிலேயே தொடங்குகிறது. பலன் கண்டதாகச் சொல்லும் ஆய்வுகளில் பெரும்பாலானவை நாளொன்றுக்கு 4 கிராம் மயோ-இனோசிட்டாலை இரு வேளையாகப் பிரித்துக் கொடுத்தவை. மாத்திரை ஒன்றில் அரை கிராம் இருக்குமானால் அந்த அளவை எட்ட நாளொன்றுக்கு எட்டு மாத்திரைகள் வேண்டும். ஆனால் சீட்டில் எழுதப்படுவதோ பெரும்பாலும் காலை ஒன்று, இரவு ஒன்று. அதாவது, ஆய்வில் சோதிக்கப்பட்ட அளவில் கால் பங்கு. எஞ்சிய இடத்தை நிரப்புவதற்கு வைட்டமின் டி, ஃபோலிக் அமிலம், குரோமியம், வேறு சில மூலிகைச் சாறுகள் ஆகியவற்றைக் கலந்து "முழுமையான தீர்வு" என்கின்றனர். இப்படிப்பட்ட கலவை ஒவ்வொன்றையும் தனித்தனியே யார் சோதித்தது என்று கேட்டால் பதில் கிடைக்காது. உணவுப்பொருளுக்கு அத்தகைய சோதனையைச் சட்டம் கேட்பதும் இல்லை.

விலை மற்றொரு சிக்கல். மெட்ஃபார்மின் தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் உள்ளது. அதன் உச்ச விலையை அரசு நிர்ணயிக்கிறது. மாத்திரை ஒன்றின் விலை சில ரூபாய்க்குள் அடங்கும். மக்கள் மருந்தகங்களில் இன்னும் மலிவு. இனோசிட்டால் உணவு என்பதால் விலைக் கட்டுப்பாடு அதன் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஆய்வுகள் சொல்லும் அளவில் உட்கொண்டால் மாதத்திற்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டுவது சாதாரணம். தில்லிக்கு வேலை தேடி வந்து, நான்கு பேரோடு அறையைப் பகிர்ந்துகொண்டு வாழும் ஒரு பெண்ணுக்கு இது சிறிய தொகை அன்று. அவர் மூன்று மாதம் வாங்குவார், பின்னர் நாளுக்கு ஒன்றாகக் குறைப்பார், அதன்பின் நிறுத்திவிடுவார். பலன் இல்லை என்று முடிவுகட்டி, மருத்துவரிடம் செல்வதையும் விட்டுவிடக்கூடும்.

இனிச் சட்டத்திற்கு வருவோம். உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006-இல் இயற்றப்பட்டது. அதன் 22-ஆவது பிரிவு ஊட்டச்சத்து துணைப்பொருள்களுக்கு இடம் தருகிறது. அதே வேளையில், அவை குறிப்பிட்ட எந்த நோயையும் குணப்படுத்துவதாகவோ தணிப்பதாகவோ உரிமை கோரக் கூடாது என்றும் சொல்கிறது. இதனையொட்டி 2016-இல் வகுக்கப்பட்டு 2018 ஜனவரி முதல் செயலுக்கு வந்த விதிமுறைகள்தான் "மருத்துவப் பயன்பாட்டிற்கு அன்று" என்ற வாசகத்தைக் கட்டாயமாக்கின. மறுபக்கம், 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப் பொருள்கள் சட்டமோ, நோயைக் குணப்படுத்தவோ தணிக்கவோ பயன்படுத்தும் நோக்கம் கொண்ட எந்தப் பொருளும் மருந்தே என்கிறது. ஒரு சட்டத்திற்கு அட்டையில் உள்ள வாசகம் முக்கியம். மற்றொன்றுக்கு நோக்கம் முக்கியம். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள சந்தில்தான் இனோசிட்டால் வாணிபம் நடக்கிறது. நோய்க்கு என்று உற்பத்தியாளர் சொல்வதில்லை. அதைச் சொல்லும் வேலையை மருத்துவர் செய்துவிடுகிறார். அதே இனோசிட்டாலை மெட்ஃபார்மினோடு சேர்த்து ஒரே மாத்திரையாக்கி விற்கும்போது அது மருந்தாகிவிடுகிறது. தனியாக இருந்தால் உணவு, துணைக்கு ஆள் வந்தால் மருந்து.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. உணவைக் கண்காணிக்கும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தலைமையகமும், மருந்தைக் கண்காணிக்கும் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் தலைமையகமும் தில்லி கோட்லா சாலையில் உள்ள ஒரே வளாகத்தில்தான் இயங்குகின்றன. இரண்டும் சுகாதார அமைச்சகத்தின் கீழ் வருபவை. ஒரு கோப்பு இங்கிருந்து அங்கே செல்வதற்குச் சாலையைக் கூடக் கடக்க வேண்டியதில்லை.

விளம்பரங்களின் கதையும் இதுவே. 1954-ஆம் ஆண்டிலேயே, மருந்துகள் மற்றும் மாய சிகிச்சைகள் தொடர்பான ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. அதன் 3-ஆவது பிரிவு, பெண்களின் மாதவிலக்குக் கோளாறைச் சரிசெய்வதாக மருந்துகளை விளம்பரப்படுத்துவதைப் பெயர் சொல்லியே தடை செய்கிறது. பெண்களின் மலட்டுத்தன்மை, உடல் பருமன், சர்க்கரை நோய் ஆகியவையும் அதன் அட்டவணையில் உள்ளன. எழுபதாண்டுகளுக்கு முன்பே இத்தகைய விளம்பரங்களுக்கு இரையாகிறவர்கள் யார் என்பதைச் சட்டம் இயற்றியோர் அறிந்திருந்தனர். உணவு விளம்பரங்களுக்கென 2018-இல் வந்த விதிமுறைகளும் நோய் தீர்க்கும் உரிமைகோரலைத் தடுக்கின்றன. ஆனால் இன்றைய விளம்பரம் "குணப்படுத்தும்" என்று சொல்வதே இல்லை. "ஹார்மோன் சமநிலைக்குத் துணைபுரியும்", "உங்கள் மாதச் சுழற்சியின் தோழி" என்கிறது. மென்னிளஞ்சிவப்பு நிறப் பெட்டியில், பூக்களுக்கு நடுவே ஒரு பெண் சிரிக்கிறார். சட்டம் தேடும் சொல் அங்கே இல்லை. வாங்குகிறவர் தேடும் பொருள் மட்டும் தப்பாமல் போய்ச் சேர்கிறது.

ஒரு பொருளுக்கு மருந்து என்ற பெயர் கிடைத்துவிட்டால் அரசு எவ்வளவு கண்டிப்பு காட்டும் என்பதற்கு இதே நோயிலேயே சான்று உண்டு. லெட்ரோசோல் என்பது மார்பகப் புற்றுநோய்க்கான மருந்து. சினைமுட்டை வெளிப்படாத பெண்களுக்கு அதனைப் பயன்படுத்த 2007-இல் இந்தியாவில் அனுமதி தரப்பட்டது. அனுமதி வழங்கிய முறை குறித்து எழுந்த கண்டனங்களுக்கிடையே 2011 அக்டோபரில் அந்தப் பயன்பாட்டிற்குத் தடை வந்தது. நாடாளுமன்ற நிலைக்குழுவும் 2012-இல் இந்த அனுமதியைக் கடுமையாக விமர்சித்தது. இதற்கிடையே 2014-இல் அமெரிக்காவில் 750 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு வெளியானது. லெட்ரோசோல் பெற்றவர்களில் 27.5 சதவீதம் பேரும், பழைய மருந்தான குளோமிஃபீன் பெற்றவர்களில் 19.1 சதவீதம் பேரும் குழந்தை பெற்றனர். அதன் பின்னரும் இந்தியாவில் தடை நீங்க 2017 பிப்ரவரி ஆயிற்று. இன்று சர்வதேச வழிகாட்டி இக்குறைபாட்டால் கருத்தரிக்க இயலாத பெண்களுக்கு முதலில் தர வேண்டிய மருந்தாகக் கூறுவது லெட்ரோசோலைத்தான்.

ஐயம் எழுந்த மருந்தை நிறுத்தி வைத்தது தவறென்று சொல்வதற்கில்லை. சான்று வந்தபின் நீக்க மூன்றாண்டுகள் எடுத்துக்கொண்டதுதான் தவறு. ஆனால், நல்ல சான்றுள்ள பொருள் ஐந்தாண்டுகளுக்கும் மேலாகத் தடையில் கிடந்த அதே நாட்டில், சான்று குறைந்த பொருள் எவ்விதக் கேள்வியும் இன்றிக் கடைதோறும் குவிந்தது என்பதை எப்படிப் புரிந்துகொள்வது? பெயர்ப்பலகைதான் வேறுபாடு என்றால் அந்தப் பெயர்ப்பலகையால் நோயாளிக்கு என்ன பாதுகாப்பு?

தீங்கில்லாத பொருள்தானே, உட்கொண்டுவிட்டுப் போகட்டும் என்று சிலர் கேட்கலாம். பொருளால் தீங்கில்லை என்பது பெரும்பாலும் சரி. அது தரும் தெம்பினால் தள்ளிப்போகிறவற்றில்தான் தீங்கு இருக்கிறது. இக்குறைபாடுள்ள பெண்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம். தெற்காசியர்களுக்கு எடை குறைவாக இருந்தாலும் அந்த ஆபத்து உண்டு. நோய் கண்டறியப்பட்டவுடனும், பின்னர் ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும் ரத்தச் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும் என்கிறது வழிகாட்டி. குளுக்கோஸ் நீரைக் குடிக்கச் செய்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனையே இதற்குச் சிறந்தது. மாதக்கணக்கில் மாதவிலக்கு வராமல் இருந்தால் கருப்பையின் உட்சுவர் தடித்து, பிற்காலத்தில் புற்றுநோய்க்கும் இடம் தரலாம். அதற்கு உரிய ஹார்மோன் சிகிச்சை அவசியம். கொழுப்பு, ரத்த அழுத்தம், மனச்சோர்வு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். இந்தச் சோதனைகளில் எத்தனை, சத்து மாத்திரையோடு வீடு திரும்பும் பெண்ணுக்குச் செய்யப்படுகின்றன?

இளம் சிறுமியர் நிலை இன்னும் வருந்தத்தக்கது. பூப்படைந்து எட்டு ஆண்டுகள் ஆகும்வரை, ஸ்கேன் படத்தை வைத்து இக்குறைபாட்டை முடிவு செய்யக் கூடாது என்பது சர்வதேச வழிகாட்டியின் அறிவுரை. வளரும் வயதில் சினைப்பை இயல்பாகவே அப்படித் தோன்றக்கூடும். பூப்படைந்த தொடக்க ஆண்டுகளில் மாதவிலக்கு ஒழுங்கின்றி வருவதும் புதுமை அன்று. ஆயினும் 15 வயதுச் சிறுமிக்கு ஸ்கேன் எடுத்து, நீர்க்கட்டி என்று எழுதி, ஆறு மாதத்திற்குச் சத்து மாத்திரை எழுதிக் கொடுக்கும் வழக்கம் நகரங்களில் வேரூன்றிவிட்டது. மருந்தாக இருந்தால் மருத்துவர் இருமுறை யோசிப்பார். உணவு என்பதால் தயக்கம் இல்லை. நோயே இல்லாத பெண்ணும் நோயாளி என்ற பெயரோடு பள்ளிக்குச் செல்கிறாள்.

எந்த மாத்திரையையும்விட முதலில் சொல்லப்பட வேண்டியவை உணவும் உடற்பயிற்சியும் என்பதில் மருத்துவ உலகில் கருத்து வேறுபாடு இல்லை. வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடற்பயிற்சி வேண்டும். இந்த உணவுமுறைதான் உயர்ந்தது என்று எதற்கும் தனிச் சான்று இல்லை, சத்தான, தொடர்ந்து கடைப்பிடிக்கக்கூடிய எதுவும் நல்லதே. சொல்வது எளிது. தில்லியின் குளிர்காலப் புகைமூட்டத்தில், இருட்டிய பின் வேலை முடிந்து பேருந்துக்குக் காத்திருக்கும் பெண்ணிடம் மாலை நடைப்பயிற்சியைப் பற்றிப் பேசுவதற்கும் ஒரு துணிவு வேண்டும். மாத்திரை விற்பனையாவதற்கு அந்தக் கையறு நிலையும் ஒரு காரணம்.

ஊட்டச்சத்து துணைப்பொருள்களை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பொறுப்பிலிருந்து மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் கீழ் கொண்டுவரலாமா என்பதை ஆராய மத்திய அரசு 2024-இல் ஒரு குழுவை அமைத்தது. உற்பத்தியாளர்கள் இதனை விரும்பவில்லை. செலவு கூடும், சிறு நிறுவனங்கள் நசியும் என்பது அவர்களின் வாதம். அதில் ஓரளவு நியாயம் உண்டு. எல்லாப் புரதப் பொடிகளையும் வைட்டமின் மாத்திரைகளையும் மருந்துச் சட்டத்திற்குள் தள்ளுவது தேவையற்றது. ஆனால் குறிப்பிட்ட நோய்க்காக மருத்துவர்களை நாடிச் சென்று விற்கப்படும் பொருள்களை மட்டுமாவது தனிவகையாகப் பிரிக்க முடியும். நாள்தோறும் உட்கொள்ள வேண்டிய முழு அளவு என்ன, ஒரு மாத்திரையில் அதில் எவ்வளவு பங்கு உள்ளது என்பதை அட்டையின் முன்புறத்தில், இந்திய மொழிகளில் அச்சிடச் சொல்வதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை; விதிமுறைத் திருத்தமே போதும். சந்தையிலிருந்து மாதிரிகளை எடுத்துச் சோதித்து, அட்டையில் சொன்ன அளவு மாத்திரைக்குள் இருந்ததா என்பதைத் தயாரிப்பின் பெயரோடு வெளியிடவும் ஆணையத்திற்கு அதிகாரம் உண்டு.

மருத்துவர்கள் செய்ய வேண்டியதற்கு அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இனோசிட்டாலை எழுதுகின்றபோதே, இது மருந்தன்று, இவ்வளவு பலன் மட்டுமே எதிர்பார்க்கலாம், மூன்று அல்லது ஆறு மாதத்தில் பலன் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம் என்ற மூன்று வாக்கியங்களைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அதே சீட்டில் குளுக்கோஸ் சோதனையையும் கொழுப்புச் சோதனையையும் எழுதிவிட்டால், யூசுப் சராய்க் கடைக்குப் போகும் முன் அந்தப் பெண் பரிசோதனைக் கூடத்திற்குப் போவார்.